சென்னையின் பெயர்பெற்ற ஓட்டல்கள்: மளிகை வியாபாரி கவனிக்க வேண்டியவை

கொள்முதலுக்காகச் சென்னை போகிற நம் உறுப்பினர்கள் பலர், வேலை முடிந்ததும் கண்ணில் பட்ட ஓட்டலில் எதையோ சாப்பிட்டுவிட்டு இரவு பஸ் ஏறி வந்து விடுகிறார்கள். அந்த நகரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் எடுத்த ஓட்டல்கள் இருக்கின்றன. அவற்றில் சாப்பிடுவது வயிற்றுக்கு மட்டுமன்றி வியாபாரத்துக்கும் நல்லது. ஓட்டல்காரர் நம்முடைய பெரிய வாடிக்கைக்காரர். அவர் எதை வைத்துப் பெயர் வாங்கினார் என்று தெரிந்தால், அவருக்கு நாம் எப்படிச் சரக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இன்று ஆலைக்காரர்களும் செல்போன் மூலம் ஆர்டர் பிடிக்கும் நிறுவனங்களும் ஓட்டல்களுக்கு நேரடியாகச் சரக்கு இறக்குகிறார்கள். இந்த வியாபாரம் நம் கையில் நிற்குமா, போய்விடுமா என்பதே இப்போது கேள்வி.

பாரிமுனைப் பக்கம்

கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகும், மற்றச் சரக்குகளுக்காக நம்மவர்கள் பலர் பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் போகிறார்கள். அங்கே என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனாபாய் டிபன் சென்டர் இருக்கிறது. நெய் இட்லியும் நெய் ஊத்தப்பமும்தான் அதன் பெயர். பொடி தூவி நெய் ஊற்றித் தருவார்கள். நீளமான பட்டியல் கிடையாது, ஆனால் கூட்டம் குறைவதில்லை. நெய் ஒரு நாள் மட்டமாக இருந்தால் அன்றைக்கே வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். தங்கசாலைத் தெருவில் வடநாட்டார் நடத்தும் இனிப்பு, சாட் கடைகளும் அப்படித்தான். அவர்கள் பெயர் கடலை மாவிலும் நெய்யிலும் நிற்கிறது.

கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் மாலை நேரத்தில் 'அத்தோ' கடைகளைப் பார்க்கலாம். 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, கையில் இருந்ததை விட்டுவிட்டுத் திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த உணவு இது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாம் சேர்த்துக் கையால் பிசைந்து தருவார்கள். முதல் இல்லாமல் தள்ளுவண்டியில் தொடங்கிய தொழில் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும்

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள ரத்னா கபே 1948-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வடநாட்டிலிருந்து வந்த குப்தா என்பவர். ஆனால் அவர் பெயர் வாங்கியதோ நம்முடைய இட்லி சாம்பாரில்! இட்லியை மூழ்கடிக்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். இப்படித் தாராளமாக ஊற்றும் கடைக்குத் துவரம் பருப்புதான் உயிர். பருப்பில் நம் நாட்டுச் சரக்கும் இருக்கிறது, பர்மா, ஆப்பிரிக்க இறக்குமதியும் இருக்கிறது. வேகும் நேரமும் குழையும் தன்மையும் சரக்குக்குச் சரக்கு மாறும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று போட்டால் சாம்பாரின் கெட்டி மாறிவிடும். குறை சமையற்காரர் தலையில் விழும்; பிறகு அது நம் கடைக்குத் திரும்பி வரும்.

மயிலாப்பூரில் ராயர் மெஸ் ஒரு சிறிய சந்துக்குள் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டைத் தாண்டிய கடை. இடம் சிறிது, பலகாரங்களும் சில, நேரமும் கணக்கு. உட்காரக் காத்திருக்க வேண்டும், ஆனாலும் காத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காளத்தி கடை என்ற பழைய பத்திரிகைக் கடையில் ரோஸ்மில்க் விற்கிறார்கள். பத்திரிகைக் கடைக்கு ஒரு பாலால் ஊர் முழுக்கப் பெயர்! விற்பது ஒன்றே ஆனாலும் அதைத் தினமும் ஒரே மாதிரி கொடுத்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இட்லியைப் பற்றி மளிகைக்காரர் அறிந்திருக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இட்லிக்கு ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகப் புழுங்கல் அரிசி நன்றாக வரும். அரிசி கொஞ்சம் பழையதாக இருக்க வேண்டும், உளுந்து புதியதாக இருக்க வேண்டும். பழைய உளுந்து மாவு பொங்காது. ஓட்டல்காரர் 'இட்லி கல்லாக இருக்கிறது' என்று சொன்னால் முதலில் உளுந்து மூட்டையின் வயதைப் பாருங்கள்.

மவுண்ட் ரோடு

அசைவத்தில் பழம்பெயர் புகாரி. 1951-ல் மவுண்ட் ரோட்டில் தொடங்கியது. சிக்கன் 65 என்ற பதார்த்தம் 1965-ல் தங்கள் அடுக்களையில்தான் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அந்த ஒரு பண்டத்தால் மிளகாய்த்தூளும் மசாலாத்தூளும் தமிழ்நாட்டுக் கடைகளில் எவ்வளவு விற்றிருக்கும் என்று நம்மில் யாரும் கணக்குப் போட முடியாது.

சைவத்தில் உட்லண்ட்ஸ். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, அடுக்களை வேலையாளாக வாழ்க்கையைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ் நிறுவியது. அவர் 1962-ல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய டிரைவ்-இன் ஓட்டலில் காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடலாம். ஊரே கொண்டாடிய அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது. வியாபாரம் படுத்ததால் மூடவில்லை. நிலம் குத்தகை நிலம். அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது. வாடகைக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. பெயர் எவ்வளவு பெரிதானாலும் காலடி மண் யாருடையது என்பதை மறக்கக் கூடாது.

மளிகைக் கடையிலிருந்து ஓட்டல்

நம் தொழிலிலிருந்தே போனவர் ஒருவர் உண்டு. சரவண பவனைத் தொடங்கிய பி. ராஜகோபால் முதலில் கே.கே. நகரில் மளிகைக் கடை நடத்தியவர். 1981-ல் அங்கேயே ஓட்டல் ஆரம்பித்தார். மலிவு எண்ணெயையும் மட்டச் சரக்கையும் ஒதுக்கி, நல்ல சரக்கை வாங்கி, ஊழியர்களுக்குத் தங்குமிடம், மருத்துவச் செலவு என்று செய்து, வெளிநாடுகள் வரை கிளை பரப்பினார். பின்னர் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 2019-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்த சில மாதங்களில் காலமானார். வியாபாரத் திறமையைக் கற்றுக்கொள்ளலாம். திறமை ஒழுக்கத்துக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

பிரியாணியும் அரிசியும்

பொன்னுசாமி, அஞ்சப்பர் ஆகியவை சென்னையில் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்றவை. அஞ்சப்பர் 1964-ல் தொடங்கியது. 1957-ல் திண்டுக்கல்லில் பிறந்த தலப்பாக்கட்டி பிற்காலத்தில் சென்னைக்கு வந்தது. இதன் அடையாளம் சீரகச் சம்பா அரிசி. பாஸ்மதி இல்லாமல் பிரியாணி இல்லை என்று நினைத்த இடங்களில்கூட இன்று சீரகச் சம்பா கேட்கிறார்கள். மணம் போகாமல் சேமித்து, வேறு பொடி அரிசி கலக்காமல் கொடுக்கும் கடைக்கு நல்ல காலம் இருக்கிறது. கலப்படம் செய்தவர் முதல் தேக்சாவிலேயே பிடிபடுவார்.

ஓட்டலுக்குச் சரக்குக் கொடுப்போர் கவனத்துக்கு

மேலே சொன்ன கடைகளில் பொதுவாக இருப்பது ஒன்றுதான். நேற்று கொடுத்த ருசியை இன்றும் கொடுக்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு வேண்டியது மாறாத சரக்கு. விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு என்பதற்காகச் சொல்லாமல் ரகத்தை மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் இரண்டு கிலோ மாதிரி அனுப்பி, சமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரடியாக இறக்கும் பெரிய நிறுவனங்கள் செய்யாத வேலை இதுதான்.

அடுத்தது வரி. பெரும்பாலான ஓட்டல்கள் 2017 நவம்பர் முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்துகின்றன. அவர்கள் வாங்கும் சரக்கின் மீது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் நாம் பில்லில் போடும் வரி அவர்களுக்கு முழுச் செலவு. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு 25 கிலோ வரை 5 சதவீத வரிக்கு உட்பட்டது. 25 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றை மூட்டைக்கு அந்த வரி இல்லை. ஓட்டலுக்குப் பெரிய மூட்டையாகக் கொடுத்தால் அவருக்கு மிச்சம், நமக்கு வாடிக்கை. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி முதல் கட்டாயம் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாகக் கடன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் விளக்கு அலங்காரத்தோடு திறந்த ஓர் ஓட்டல் எட்டே மாதத்தில் மூடியது. எனக்கும் இன்னும் நான்கு கடைக்காரர்களுக்கும் வர வேண்டிய பாக்கி இன்றுவரை வரவில்லை. உற்பத்தி செய்யும் சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு. 2021 முதல் வணிகர்களும் உத்யம் பதிவு செய்யலாம் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே. அந்த 45 நாள் பாதுகாப்பு வணிகர்களுக்குக் கிடையாது. ஆகவே நம் பாக்கிக்கு நாமே காவல். புதிய ஓட்டலுக்கு ரொக்கம். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு வாரக் கணக்கு. பழைய பில் தீராமல் அடுத்த மூட்டை போகக் கூடாது.

அடுத்த முறை சென்னை போகும்போது இந்தக் கடைகளில் ஒன்றிரண்டிலாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாம்பார் எவ்வளவு கெட்டி, நெய் எப்படி மணக்கிறது, அரிசி எந்த ரகம் என்று கவனியுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் ஓட்டல் வாடிக்கைக்காரரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். தன் அடுக்களையை அறிந்த மளிகைக்காரரை எந்த ஓட்டல் முதலாளியும் எளிதில் விட்டுவிட மாட்டார்.