வீடு போனாலும் கடன் போகாது!

வில்லியனூர் என்றதும் திருக்காமீசுவரர் கோவில் தேர் நினைவுக்கு வரும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. அப்படிப்பட்ட ஊரில் சொந்த வீடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதவர் யார்? ஆசைப்பட்டவர்கள் மனையை ஈடு காட்டிக் கடன் வாங்குகிறார்கள். தவணை தவறினால் வீடு ஏலத்துக்கு வருகிறது.

"வீட்டை எடுத்துக்கொள்ளட்டும். அத்தோடு விட்டது தொல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

மனைவியின் கேள்வி

வில்லியனூரில் ஒரு தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டியும் முதலுமாக அவர் கடன் 18 லட்சம் ரூபாய். வீடு 14 லட்சத்துக்கு ஏலம் போனது. குடும்பம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து மீண்டும் நோட்டீசு வருகிறது.

"வீடும் போச்சு. இன்னும் எதுக்குங்க நோட்டீசு?" என்று மனைவி கேட்கிறாள்.

பாக்கி 4 லட்சத்துக்குத்தான் அந்த நோட்டீசு. 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கி வீட்டை ஏலம் விடலாம். ஏலத்தொகை போதாவிட்டால், மீதிக்குத் தனியாக வழக்குப் போடலாம். பாக்கி 20 லட்சத்துக்குக் குறைந்தால் சிவில் கோர்ட்டு. அதற்கு மேல் போனால் கடன் வசூல் தீர்ப்பாயம். ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால், மிச்சத்தைக் குடும்பத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

பாகூர்ப் பக்கத்து நஞ்சை போன்ற விவசாய நிலத்தை இந்தச் சட்டப்படி ஏலம் விட முடியாது. அதற்குப் பாங்கி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

எதைத் தொட முடியாது?

கோர்ட்டுத் தீர்ப்பு வந்தாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்துவிட முடியாது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத தாலி போன்ற நகையையும் தொடக்கூடாது. வருங்கால வைப்பு நிதிக்கும் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் குடும்பத்துக்கு விடப்படும்.

ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் உஷாராக இருக்க வேண்டும். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு ஜாமீன்தாரரிடமே முழுப் பாக்கியையும் பாங்கி கேட்கலாம். கடன்காரர் இறந்துவிட்டால், பிள்ளைகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு.

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது. இது ரிசர்வ் பாங்கி 2022-ல் போட்ட உத்தரவு.

தள்ளுபடிக்கு வரி உண்டா?

தொழிலாளி பாங்கியுடன் பேசி, ஒரு லட்சம் கட்டுகிறார். மீதி 3 லட்சத்தைப் பாங்கி விட்டுக்கொடுக்கிறது. அந்த 3 லட்சம் வருமானமா? அமெரிக்காவில் இப்படித் தள்ளுபடியான கடனைப் பொதுவாக வருமானமாகவே கணக்கிடுவார்கள். அங்கே ஏராளமான வீடுகள் ஏலம் போனபோது, 2007-ல் குடியிருக்கும் வீட்டுக்கடனுக்குத் தனி விலக்குக் கொடுக்க நேர்ந்தது.

நம் நாட்டில், குடியிருக்க வாங்கிய வீட்டுக்கடனின் தள்ளுபடிக்குப் பொதுவாக வரி இல்லை. வியாபாரக் கடன் வேறு. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2023-ல் சட்டம் திருத்தப்பட்டது. தொழிலால் கிடைக்கும் ஆதாயம் ரொக்கமாக இருந்தாலும் வருமானமே என்று அதில் எழுதிவிட்டார்கள். ஆகவே கடைக்காரர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கைக்கு வராத லாபம்

வரி வேறு வழியாக வரும். ஏலமும் ஒரு விற்பனைதான். நிலமும் கட்டடமுமாக அந்த வீட்டுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் 8 லட்சம் செலவாகியிருந்தால், 14 லட்சத்துக்குப் போனதில் 6 லட்சம் லாபம் என்று வரிக் கணக்குப் பேசும். அந்தப் பணம் முழுவதும் பாங்கிக்கே போனது. குடும்பம் ஒரு காசையும் பார்க்கவில்லை. ஆனாலும், தானே வைத்த அடமானத்தைத் தீர்த்த தொகையை லாபத்திலிருந்து கழிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் தீர்ப்பளித்தது. தந்தை அடமானம் வைத்த வீடு மகனுக்கு வந்திருந்தால் கழிக்கலாம். மற்ற வருமானம் மிகக் குறைவாக இருந்தால் வரி இல்லாமலும் போகலாம். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியது என்ன?

முதல் நோட்டீசு வந்ததும் 60 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால், பாங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பு முழுப் பணத்தையும் செலவோடு கட்டினால் வீட்டை மீட்கலாம். பாங்கி வீட்டைக் கைப்பற்றினால், 45 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

பாங்கி தன் கணக்கில் "வராக்கடன்" என்று எழுதிக்கொண்டால், அது தள்ளுபடி ஆகாது. சமரசம் ஆனாலும், "இனிப் பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிய சான்றை வாங்க வேண்டும்.

அந்த மனைவி கேட்ட கேள்விக்கு முடிவான பதில் அந்த ஒரு தாள்தான். பணம் கட்டுகிற அன்றே அதைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் பத்திரமாக வைக்க வேண்டும்.