சைக்கிளில் வரும் சாணை

நயினார்கோவில் வட்டாரத்தில் இரும்புக்கு ஓய்வு கிடையாது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் கையில் வெட்டரிவாள், ஆட்டுக்குக் குழை அறுக்கிறவர் தோளில் தொரட்டி, அடுப்படியில் அருவாமனை, கறிக்கடையில் கத்தி, பரமக்குடித் தையல்காரரிடம் கத்தரிக்கோல். எல்லாமே மழுங்கும். ஒவ்வொன்றையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்கு நேரம்? அதனால்தான் "சாணை புடிக்கலியோ, சாணை!" என்ற குரலோடு பட்டறையே தெருவுக்கு வருகிறது.

முன்பு அது மரச்சட்டமாக இருந்தது. கீழே மிதிகட்டை, நடுவே பெரிய சக்கரம், மேலே வாரில் சுழலும் கல். மொத்தத்தையும் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்தார்கள். சைக்கிள் வந்ததும் சுமையும் நடையும் ஒரே வண்டியில் தீர்ந்தன. ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பெடலை மிதித்தால் வண்டி நகராது, சக்கரம் மட்டும் சுற்றும். அதனோடு சேர்த்துக் கட்டிய டயரில்லாத ரிம்மிலிருந்து ஒரு பெல்ட், பாரின் மேல் பொருத்திய சின்னக் கப்பிக்குப் போகிறது. கப்பியின் அச்சில்தான் சாணைக்கல்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய 147 சுற்று சுற்றும். ரிம்மின் விட்டம் 24 அங்குலம், கப்பியின் விட்டம் 2 அங்குலம் என்றால் அந்த வேகம் இன்னும் 12 மடங்காகி, கல் நிமிடத்துக்குச் சுமார் 1,760 சுற்றுப் போகும். ஆறு அங்குலக் கல்லின் விளிம்பு விநாடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. ஆற அமர மிதிக்கும் கால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு கல்லைச் சுழற்றிவிடுகிறது.

மோட்டார் இதைவிட வேகம்தான். பட்டறை மேசையில் இருக்கும் சாணை இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று. கையில் பிடிக்கும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரோ 11,000 சுற்று வரை போகும். அதன் விளிம்பு வேகம் சைக்கிள் கல்லைப் போல நான்கு மடங்கு. இப்போது பேட்டரியிலும் பைக் என்ஜினிலும் சாணைக்கல்லை ஓட்டுகிறவர்கள் உண்டு. முழங்கால் தேயும் வேலையிலிருந்து விடுதலை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கத்தியைக் கேட்டால் அது காலின் பக்கம்தான் சாயும்.

காரணம் சூடு. அரிவாளின் வாயைச் செந்தணலில் காய்ச்சி, நீரில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டித்தான் கொல்லர் பதம் ஏற்றுகிறார். அந்தப் பதத்தை எஃகு சுமார் 200 டிகிரி வரை காத்துக்கொள்ளும். சாணையில் உரசும்போது சூடு முழுதும் முடி பருமன்கூட இல்லாத விளிம்பில் போய்ச் சேர்கிறது. அவ்வளவு மெல்லிய இடத்தில் இரும்பே குறைவு, அதனால் வெப்பம் சட்டென்று ஏறும். விளிம்பு வைக்கோல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் பாரிக்கும். நீலம் வந்தால் பதம் போயிற்று. பார்க்கப் பளபளப்பாக இருக்கும் கத்தி நான்கு நாளில் மறுபடி மழுங்குவது இதனால்தான்.

காலால் மிதிக்கிறவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி 75 வாட் அளவே. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 370 வாட். கத்தியைக் கல்லில் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் போதும், பெடல் கனக்கும், கல் தளரும், கை தானாகப் பின்வாங்கும். மோட்டாருக்கு இந்தக் கூச்சம் இல்லை. அழுத்தினால் அழுத்திய அளவுக்கு இரும்பைத் தின்றுகொண்டே போகும்.

பறக்கும் பொறிகளும் சும்மா வேடிக்கை அல்ல. பிய்ந்த இரும்புத் துகள் காற்றில் எரிவதுதான் பொறி. கார்பன் கூடுதலான எஃகு என்றால் பொறி நுனியில் பூவாக வெடிக்கும். கார்பன் குறைந்த இரும்பில் நீளக் கோடாகப் போய் அணையும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளையும் மட்ட இரும்பில் அடித்ததையும் அனுபவசாலி இதை வைத்தே பிரித்துவிடுவார்.

கல்லின் கதை இன்னும் பழையது. அந்தக் காலச் சாணைக்கல், குருந்தக்கல்லைத் தூளாக்கி அரக்கில் குழைத்து வார்த்த வட்டு. குருந்தம் வைரத்துக்கு அடுத்த கடினம்: மோ அளவுகோலில் 9. நீலக்கல்லும் கெம்பும் அதே பொருள்தான், நிறம் மட்டும் வேறு. நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் அகழ்ந்தபோது கல்லைத் தேய்த்து மணி செய்யும் தொழிலின் தடயமும் இரும்பு உருக்கிய உலையும் ஒரே ஊரில் கிடைத்தன. 1891-இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கியதும் செயற்கைக் கற்களின் காலம் தொடங்கியது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சாணைக்கல் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று எஃகுக் கத்திக்கு ஏற்றது அலுமினியம் ஆக்சைடு கல். அது ஆலையில் செய்த குருந்தமே.

சக்கரமே இல்லாத சாணையும் இந்தப் பக்கத்தில் உண்டு. பனையேறியின் பாளை அரிவாள் காகிதம்போல் மெல்லிய சீவலாகப் பாளையைச் சீவ வேண்டும். மழுங்கினால் திசு நசுங்கி, பதநீர் ஒழுங்காக வடியாது. அவர் மரத்தாலான தீட்டுக்கட்டையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அரிவாளைத் தீட்டுகிறார். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ், கடினம் 7. எஃகைத் தேய்க்க அது போதும். கையில் எடுத்துப்போகும் சாணை நிலையத்தை இதைவிடச் சின்னதாக வடிவமைப்பது கடினம்.

இந்தத் தொழில் இங்கே மட்டும் இல்லை. ஸ்பெயினின் ஔரென்ஸே மாவட்டத்துச் சாணைக்காரர்கள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, குழல் ஊதி ஊதி ஊர் சுற்றினார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ள ரகசியக் குழூஉக்குறியே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கதை சோகமானது. உலர்ந்த மணற்கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்து இளவயதிலேயே இறந்தார்கள். இன்றைய கற்களில் அந்த ஆபத்து மிகவும் குறைவு என்றாலும் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் சாணை பிடிப்பது வீரம் இல்லை.

பழைய சைக்கிளில் சாணை கட்ட நினைக்கிற ஐ.டி.ஐ. மாணவர்கள் முதலில் கல்லைப் பாருங்கள். அதில் அச்சிட்ட உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது. விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல், தூக்கிப் போடுங்கள். கல்லில் சாய்த்துப் பிடிக்கும் கோணம் சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, மரம் வெட்டும் அரிவாளுக்கு 25 முதல் 30. கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால் முதுகை ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 15 டிகிரி வந்துவிடும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் பிசிர் திரளும். அது வாய் நீளத்துக்கும் விரலில் தட்டுப்பட்டால்தான் பக்கத்தை மாற்ற வேண்டும். கடைசியில் தோல்வாரில் இழுத்துப் பிசிரை எடுத்துவிடலாம்.

கத்தி கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சாணைக்காரர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், அடிக்கடி முக்கச் சொல்லுங்கள். முனை நீலமாகிவிட்டால் தண்ணீரும் காப்பாற்றாது. அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புது இரும்பில்தான் மறுபடி வாய் பிடிக்க வேண்டும்.