சிறு நாடும் மந்திரிசபையும்

ஒரு நாட்டிற்கு மந்திரிசபை அமைப்பது எளிய காரியமா, அரிய காரியமா என்னும் கேள்வியை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எளிது என்று கருதியவர்கள் உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், கடலின் நடுவே கட்டப்பட்ட பீரங்கி மேடை ஒன்று பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1967-ஆம் ஆண்டில் ராய் பேட்ஸ் என்பவர் அதில் குடியேறி, 'சீலாந்து' என்று பெயரிட்டு, அதனைத் தனி நாடு என்றும் தம்மை அதன் இளவரசர் என்றும் அறிவித்துக்கொண்டார். அதற்குக் கொடியும், நாணயமும், கடவுச்சீட்டும் உண்டாயின. பிரதம மந்திரி என்ற பட்டத்துடன் ஒரு ஜெர்மானியரும் வந்து சேர்ந்தார். 1978-இல் அந்தப் பிரதம மந்திரியே கூலி வீரர்களை அனுப்பி மேடையைக் கைப்பற்ற முயன்றார்! முயற்சி தோற்றபின், ஜெர்மனியில் இருந்துகொண்டு ஒரு 'வெளிநாட்டு அரசாங்கத்தையும்' அமைத்துக்கொண்டார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் லெனார்டு கேஸ்லி என்ற விவசாயி, கோதுமை விற்பனைக்கு அரசாங்கம் விதித்த வரம்பினால் சினங்கொண்டு, 1970-இல் தம் பண்ணையையே 'ஹட் ரிவர்' என்ற தனி நாடாக அறிவித்தார். அங்கும் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் குறைவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2020-இல் வரிக் கடன் முற்றி அந்த 'நாடு' மூடப்பட்டது.

இவற்றைக் கேட்டு நாம் நகைக்கிறோம். ஆனால் எதனால் நகைக்கிறோம் என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலம் சிறிது என்பதனாலா? மக்கள் சிலர் என்பதனாலா? உலகம் ஒப்புக்கொண்ட நாடுகளிலும் மிகச் சிறியவை இருக்கின்றனவே! இங்கே மந்திரியை நியமித்தவர் ஒருவர். நீக்கக் கூடியவரும் அவர் ஒருவரே. குடிகளுக்கு அதில் இடம் இல்லை. யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத மந்திரிக்கும் நாடகமேடை மந்திரிக்கும் வேற்றுமை யாது?

இந்தக் கேள்வி தொலைதூரத்துக் கேள்வியன்று. நான் பிறந்த மணவாளக்குறிச்சியின் கடற்கரையிலேயே இது ஒரு காலத்தில் எழுந்தது.

எங்கள் ஊர்க் கரையில் அலை ஒதுக்கும் கரிமணலை வெளியூரார் கண்டால் அழுக்கு மணல் என்று எண்ணக்கூடும். அதனுள் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் முதலிய தாதுக்கள் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன வல்லுநர் மோனசைட்டைக் கண்டறிந்து இங்கே ஆலை நிறுவினார். மோனசைட்டிலிருந்து கிடைக்கும் தோரியம் அப்பொழுது காஸ் விளக்குகளின் வலைத் திரிக்குப் பயன்பட்டது. 1945-இல் அணுகுண்டு வெடித்தபின், அதே தோரியம் அணுசக்திக்குரிய பொருளாக வல்லரசுகளின் கண்ணில் பட்டது. கரையோர மணல் திடீரென்று ராஜதந்திரப் பொருளாகிவிட்டது.

அக்காலத்தில் எங்கள் ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கல்குளம் தாலூகாவில் இருந்தது. 1947 ஜூன் 11-ஆம் தேதியன்று, பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கியதும் திருவிதாங்கூர் தனிச் சுதந்திர நாடாகும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். அந்த அறிவிப்புக்கு ஊக்கம் அளித்தவற்றுள் இம்மணலும் ஒன்று. சுமார் அறுபது லட்சம் மக்கள் கொண்ட சமஸ்தானம் அது; சீலாந்தோடு ஒப்பிடத் தக்கதன்று. துறைமுகமும், தபாலும், கல்விச் சாலைகளும், வருவாயும் உடையது. 1888-இலேயே சட்டசபை கண்டது. ஆயினும் மந்திரிசபை என்ற ஒன்றுமட்டும் அங்கே இல்லை. மன்னருக்குப் பொறுப்பான திவான் ஒருவரே ஆட்சியின் தலைவர். 1946-இல் திவான் வகுத்த அரசியல் திட்டத்தில் வயது வந்தோர் வாக்குரிமை இருந்தது. இரண்டு சபைகள் இருந்தன. ஆனால் அச்சபைகளால் நீக்க முடியாதவராகத் திவான் இருந்தார். அதனை 'அமெரிக்க மாதிரி' என்றார்கள். அமெரிக்காவிலோ ஜனாதிபதியை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்! திவானைத் தேர்ந்தெடுத்தவர் யார்? அவ்வாண்டு அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியில் புன்னப்புரை, வயலார் என்னும் ஊர்களில் தொழிலாளர் பலர் உயிரிழந்த கிளர்ச்சியில், 'அமெரிக்க மாதிரியை அரபிக் கடலில் எறிவோம்' என்ற முழக்கம் எழுந்தது.

1947 ஜூலை 25-இல் திவான் தாக்கப்பட்டுக் காயமுற்றார். சில நாட்களுக்குள் மன்னர் இந்திய யூனியனில் சேர இசைந்தார். திவான் பதவி விலகினார். செப்டம்பர் 4-ஆம் தேதி, மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வழங்கப்படும் என்று மன்னர் பிரகடனம் செய்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 120 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபைக்குத் தேர்தல் நடந்தது.

இங்கேதான் மந்திரிசபை அமையும் முறையை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதலில் மக்கள் உறுப்பினர்களைத் தேர்கிறார்கள். உறுப்பினருள் பெரும்பான்மையோர் ஒரு தலைவரை ஏற்கிறார்கள். அரசின் தலைவர் அவரை அழைக்கிறார். அவர் தம் சகாக்களைத் தேர்ந்து இலாகாக்களைப் பங்கிடுகிறார். சபையின் நம்பிக்கை நீங்கினால் அனைவரும் ஒருங்கே விலக வேண்டும். ஏறும் வழியைப் போலவே இறங்கும் வழியும் வகுக்கப்பட்டிருப்பதே இம்முறையின் உயிர்.

அவ்வாறே 1948 மார்ச் 24-இல் பட்டம் தாணுபிள்ளை திருவிதாங்கூரின் பிரதம மந்திரியானார். சி. கேசவனும் டி. எம். வர்கீஸும் மந்திரிகளாயினர். ஆக மொத்தம் மூவர்! மூவரும் பொறுப்பாட்சிக்காகச் சிறை சென்றவர்கள். ஒருவர் நாயர், ஒருவர் ஈழவர், ஒருவர் கிறிஸ்தவர். சமஸ்தானத்தின் மூன்று பெரும் சமூகங்களும் ஒவ்வொரு நாற்காலி பெற்றன என்று அதற்குப் பொருள் கூறினார்கள்.

ஆனால் தோவாளை முதல் விளவங்கோடு வரை வாழ்ந்த தமிழருக்கு நான்காவது நாற்காலி இல்லை. அவர்களோ அத்தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக் கட்சியின் சார்பில் 14 உறுப்பினர்களை அனுப்பியிருந்தார்கள். பெரிய நாட்டில் ஒரு பகுதிக்கு இவ்வாண்டு இடமில்லையேல் அடுத்த மாற்றத்தில் கிடைக்கலாம். மூவர் மட்டும் அமரும் சபையில் இடம் இல்லாதவன், பேச்சு நடக்கும் அறைக்கே வெளியில் நிற்கிறான். தாலூகாக் கச்சேரியில் எம்மொழி வழங்குவது, பள்ளியில் எம்மொழி கற்பிப்பது என்பவை அவ்வறைக்குள் தீர்மானிக்கப்படுகின்றன. சிறு மந்திரிசபையின் சங்கடம் இதுவே.

அம்மூவர் மந்திரிசபை ஏறக்குறைய ஏழு மாதமே நிலைத்தது. பறவூர் டி. கே. நாராயண பிள்ளை அடுத்துப் பதவி ஏற்றார். 1949 ஜூலை 1-இல் கொச்சியுடன் இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் தோன்றியது. 1952 தேர்தலில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஏ. ஜே. ஜான் அமைத்த மந்திரிசபை தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவை நாடியது; அக்கட்சியின் சிதம்பரநாத நாடார் மந்திரியானார். வெளியே நின்றவர்களுக்கு இப்பொழுது உள்ளே ஓர் இடம் கிடைத்தது. கோரிக்கை நிறைவேறாமையால் அவர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ளவே, 1953-இல் அம்மந்திரிசபை கவிழ்ந்தது.

1954 தேர்தலின் கணக்கு இன்னும் வியப்பானது. 117 இடங்களில் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுக் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12, எஞ்சியவை பிறருக்கு. மந்திரிசபை அமைத்தவர் யார்? 45 பேருடைய கட்சி ஒதுங்கி நின்று ஆதரவு தர, 19 பேருடைய கட்சியின் தலைவராகிய பட்டம் தாணுபிள்ளையே முதல் மந்திரியானார். அவ்வாண்டு ஆகஸ்டு 11-இல், தாய்த் தமிழகத்துடன் இணையக் கோரிய கிளர்ச்சியின்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, உயிர்கள் பலியாயின. அடுத்த பிப்ரவரியில் அம்மந்திரிசபையும் வீழ்ந்தது.

மந்திரிசபைக்குள் தீராத வழக்கை எல்லைக் கோட்டினால் தீர்க்க வேண்டியதாயிற்று. ராஜ்யப் புனரமைப்புக் கமிஷன் 1955-இல் செய்த பரிந்துரைப்படி, 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலூகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. திருவிதாங்கூருக்குத் தனி நாடு என்ற கனவை ஊட்டிய மணவாளக்குறிச்சி மணலும் அத்துடன் இப்பக்கம் வந்தது. 1950-இல் தோன்றிய இந்திய அருமணல் நிறுவனத்தின் ஆலை அம்மணலை இன்றும் பிரித்தெடுத்து வருகிறது.

இப்பொழுது மந்திரிசபையின் அளவுக்கும் சட்டம் உண்டு. 2003-இல் செய்த 91-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஒரு மாநிலத்தில் மந்திரிகளின் தொகை சட்டசபை உறுப்பினரில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படலாகாது. பன்னிரண்டுக்குக் குறையவும் ஆகாது. மேல்வரம்பு பதவி ஆசைக்கு இட்ட கடிவாளம். கீழ்வரம்போ, சிறு மாநிலத்திலும் பல குரல்கள் உள்ளே வருவதற்குத் திறந்து வைத்த கதவு.

எவரேனும் ஒரு மந்திரிசபையின் பட்டியலை நம்முன் நீட்டும்போது, யார் யாருக்கு எந்த இலாகா என்று மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. இவர்களை இறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, எந்த ஊரின் குரலுக்கு இதில் இடம் இல்லை என்னும் இரண்டையும் கேட்க வேண்டும். முதற் கேள்வியைத் திருவிதாங்கூர் மக்கள் 1947-இல் கேட்டார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் எங்கள் தாலூகாக்களின் மக்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. அதன் பயனை நாம் இன்று எளிதாக அனுபவிக்கிறோம்.