டோக்கியோவில் கன்னடம் அறிந்த யானை

விலங்குகளின் நெடும்பயணம் வரலாற்றுப் புதின ஆசிரியர்களுக்கு விருப்பமான பொருளாகும். போர்த்துகீசிய எழுத்தாளர் சரமாகோ 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யானையின் பயணம்' அவ்வகையில் புகழ்பெற்ற புதினம். 1551-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரிலிருந்து வியன்னாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சாலமன் என்னும் இந்திய யானையே அதன் கதைத்தலைவன். யானையைப் பரிசாகப் பெறும் இளவரசர் யானையின் பெயரையும் அதன் பாகன் சுப்ரோவின் பெயரையும் மாற்றிவிடுகிறார். பாகனின் பெயர் அவர் நாவில் எளிதில் வரவில்லையாம்!

தில்லியில் முடிவுசெய்யப்பட்ட மற்றொரு யானைப் பயணம் உண்டு. அது கதையன்று, நடந்த நிகழ்ச்சி.

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் தெருவில் புகுந்துவிடும் என்று டோக்கியோ நகர ஆட்சியாளர் அஞ்சினர். உவேனோ விலங்குக் காட்சிசாலையின் பெரிய விலங்குகளைக் கொல்ல 1943-இல் ஆணையிட்டனர். அங்கிருந்த மூன்று யானைகளும் பட்டினியிடப்பட்டு இறந்தன. உணவு கிடைக்கும் என்று நம்பி, தாம் கற்ற வித்தைகளை அவை செய்து காட்டின என்பர்.

போருக்குப் பின் டோக்கியோச் சிறுவர் பலர் யானையையே கண்டதில்லை. நகோயா நகரில் இரண்டு யானைகள் உயிர்பிழைத்திருந்தன. ஒன்றைத் தருமாறு சிறுவர்கள் கேட்டனர். அவற்றைப் பிரிக்க இயலவில்லை. ஆகவே அவற்றைக் காணச் சிறுவர்களுக்கெனத் தனி இரயில்கள் விடப்பட்டன. ஆயினும் தம் ஊருக்கு ஒரு யானை வேண்டும் என்னும் ஆசை அவர்களை விடவில்லை.

தில்லி மாணவர் பலர் தீன்மூர்த்தி இல்லத்தைக் கண்டிருப்பர். அங்கு வாழ்ந்த பிரதமர் நேருவுக்குச் சிறுவர்கள் நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினர். அவர் மைசூர்ப் பகுதியிலிருந்து பதினைந்து வயதுப் பெண் யானை ஒன்றைத் தேர்ந்து, தம் மகளின் பெயரையே சூட்டி அனுப்பினார். இது தம்முடைய பரிசன்று, இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அளிக்கும் பரிசு என்று உடன் கடிதமும் எழுதினார். 1949 செப்டம்பரில் கப்பலிலிருந்து இறங்கிய இந்திரா, டோக்கியோத் தெருக்களின் வழியே இரவில் நடந்து உவேனோவை அடைந்தது.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. இந்திராவுக்குத் தெரிந்த கட்டளைகள் கன்னடச் சொற்களே. பாகன் யானையின் கழுத்தில் அமர்ந்து, காதின் பின்புறத்தைக் கால்விரலால் அழுத்தியபடியே சொல்லையும் சொல்வான். தொடுகையும் ஒலியும் யானையின் மனத்தில் ஒன்றாகப் பதியும். ஒலி மாறினால் யானை குழம்பும். ஆகவே மைசூரிலிருந்து உடன்சென்ற பாகர் இருவர் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே தங்கினர். ஜப்பானியப் பராமரிப்பாளர்கள் அவர்களிடம் கன்னடக் கட்டளைகளைக் கற்றனர். யானையைத் தம் மொழிக்கு மாற்றாமல், யானையின் மொழிக்குத் தாம் மாறினர். சரமாகோவின் இளவரசருக்கு இது வியப்பாகவே இருந்திருக்கும்.

1950-இல் இந்திரா நடமாடும் காட்சிசாலையோடு ஹொக்கைடோ வரை பயணம் செய்தது. 1957-இல் ஜப்பான் சென்ற நேரு அதனை நேரில் கண்டார். 1983-இல் இந்திரா இறந்தது. அடுத்த ஆண்டே ஆஷா, தயா என்னும் இரண்டு யானைகள் இந்தியாவிலிருந்து உவேனோவுக்குச் சென்றன. இந்திராவைப் போலவே அவையும் அங்கே தம் இந்தியப் பெயர்களாலேயே அழைக்கப்பட்டன.