பூங்கா பூட்டியிருந்த நாள்

சிக்காகோ நகரிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தரைவழி 2,000 மைலுக்கு மேற்பட்டது. அவ்வளவு தூரத்தையும் ஒரு தந்தை, மனைவியையும் இரு பிள்ளைகளையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடக்கிறார். வழியிற் படாத பாடெல்லாம் படுகிறார்கள். ஈற்றில், கனவிலே கண்ட களியாட்டப் பூங்காவின் வாயிலை அடைந்தால், திருத்த வேலைகளுக்காகப் பூங்கா இரண்டு வாரம் மூடப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பே அவர்களை வரவேற்கிறது. 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நாஷனல் லம்பூன்ஸ் வெக்கேஷன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் கதை இது. ஜோன் ஹியூஸ் எழுதிய மூலக் கதையில் அப்பூங்கா டிஸ்னிலாந்தாகவே இருந்தது. படத்தில் அதற்குக் கற்பனைப் பெயரொன்றைச் சூட்டிவிட்டார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். நானும் சிரித்தவனே. என் சொந்தக் குடும்பத்திலேயே அக்கதை நிகழ்ந்த பின்னர்தான் சிரிப்பு அடங்கிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அன்னையார் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குச் சென்று, ரொறன்ரோவிலே குடியிருக்கும் என் தங்கை வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தார். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஒரே ஆசை. அம்மம்மாவைத் தங்களூர்க் களியாட்டப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று இராட்டினத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதே அது. விருந்திலே பாயசம் கடைசியில் வருவதுபோல இதுவும் கடைசியில் இருக்கட்டும் என்று தங்கை எண்ணினாள். அம்மா விமானம் ஏறுவதற்கு முதல் நாள், ஒக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பிள்ளைகளுக்குப் பாடசாலையில் லீவு எடுத்துக்கொண்டு எல்லோரும் புறப்பட்டனர். வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வண்டிதானும் இல்லை. வாயிலிற் பூட்டுத் தொங்கிற்று. ஒக்டோபர் முடிவுவரை பூங்கா திறந்திருக்கும் என்று அயலவர் ஒருவர் சொன்னது பொய்யன்று. இலையுதிர் காலத்தில் வார இறுதி நாட்களில் மட்டுமே அது திறக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் விசாரிக்கவில்லை. “அம்மம்மா இனி எப்ப வருவா?” என்று இளையவள் கேட்டாளாம். மறுமொழி சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

இதன் பின்பே இவ்விடயத்தை நான் சற்று ஆராயத் தலைப்பட்டேன். பூங்காக்களின் மூடுநாட்கள் இரு வகைப்படும். நாட்காட்டியில் எழுதியிருப்பவை ஒரு வகை. எழுதாதவை மற்றொரு வகை. முன்னது நமது கவனக் குறைவினால் நம்மை வருத்துவது. பின்னது ஊழின்பாற்பட்டது. இரண்டுக்கும் பரிகாரம் வேறு வேறு.

குளிர்நாடுகளில் பருவ மூடல் இயல்பானது. டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் 1843ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திவொலிப் பூங்கா, உலகின் மிகப் பழைய களியாட்டப் பூங்காக்களுள் ஒன்று. அது இன்றும் பருவத்துக்குப் பருவம் திறந்து, இடையிடையே வாயிலை அடைத்துவிடுவது. ஒல்லாந்தில் 1952இல் தோன்றிய எவ்ரலிங் பூங்காவோ நெடுங்காலம் மாரியில் மூடப்பட்டு வந்து, 2010 முதலே ஆண்டு முழுவதும் திறக்கப்படலாயிற்று. வெயில் குறையாத கலிபோர்ணியாவில் 1955 யூலை 17இல் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்துகூட முதல் முப்பது ஆண்டு காலமும், கூட்டம் குறைந்த பருவங்களில் வாரத் தொடக்க நாட்களில் ஓய்வெடுத்தது என்பதைப் பலர் அறியார். 1985ஆம் ஆண்டிலேதான் அது ஆண்டு முழுவதும் நாடோறும் திறக்கும் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே மேற்சொன்ன திரைப்படம் வெளிவந்த காலத்தில், திங்கட்கிழமையன்று டிஸ்னிலாந்தின் வாயிலில் ஏமாந்து நிற்பது நடக்கக்கூடிய காரியமாகவே இருந்தது. ‘நாடோறும்’ என்பதும் நிலையான சொல்லன்று. ஹொங்கொங் டிஸ்னிலாந்து 2020 செப்டெம்பரில் மீளத் திறந்தபோது, செவ்வாயையும் வியாழனையும் மூடுநாட்களாக வைத்துக்கொண்டது.

வாயில் திறந்திருந்தும் பிள்ளை ஏங்கிவந்த சவாரி மூடியிருப்பது மற்றொரு சங்கடம். கூட்டம் குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நெருக்கடியின்றிச் சுற்றலாம் என்று எண்ணிச் செல்வோர் பலர். கூட்டம் குறைந்த காலத்திலேதான் இயந்திரங்களைக் கழற்றித் திருத்துகிறார்கள் என்பதை அங்கே போன பின்பே அறிகின்றனர். டிஸ்னிலாந்திலுள்ள ‘சிறிய உலகம்’ என்னும் படகுச் சவாரிக்கு 1997 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் அலங்காரம் செய்கிறார்கள். அணியும்போது ஒரு தடவை, களையும்போது ஒரு தடவை அது மூடப்படும். நீண்ட மூடல்களும் உண்டு. ‘ஸ்பிளாஷ் மௌண்டன்’ என்ற நீர்ச்சறுக்குச் சவாரி 2023 மே முடிவில் அங்கே மூடப்பட்டு, வேறு கதையும் வேறு பெயரும் பெற்று 2024 நொவெம்பரிலேதான் திறந்தது. புளோறிடாவிலுள்ள மஜிக் கிங்டம் பூங்காவில் வேறொரு வழக்கம். இலையுதிர் காலத்திலும் கிறிஸ்மஸ் முன்னிரவுகளிலும் தனிக் கட்டண விழாக்கள் நடக்கும் நாட்களில், சாதாரண சீட்டு வைத்திருப்போர் மாலையிலேயே வெளியேற வேண்டும். இதில் ஒரு நயமும் உண்டு. இரவுக் காட்சியை விரும்புவோர் அந்நாட்களைத் தவிர்ப்பதால், பகலில் நெருக்கடி பெரும்பாலும் குறைவு. சிறு பிள்ளைகளோடு செல்வோர் இருட்டும் முன்னரே களைத்துவிடுவர். அவர்களுக்கு அந்த அரைநாள் மூடல் நட்டமாகாது.

இனி எழுதாத மூடல்கள். ஜனாதிபதி கெனடி சுடப்பட்டு இறந்த மறுநாள், 1963 நொவெம்பர் 23ஆந் திகதி, நாடு துக்கம் அனுட்டித்தபோது டிஸ்னிலாந்து திறக்கவில்லை. 1970 ஓகஸ்ட் 6இல் ‘இப்பி’ இளைஞர் கூட்டமொன்று உள்ளே புகுந்து ஆர்ப்பாட்டம் செய்ததால், பொழுதோடு பூங்காவை மூடி எல்லோரையும் வெளியேற்றினார்கள். 2001 செப்டெம்பர் 11இல் நியூயோர்க்கிலே விமானத் தாக்குதல் நடந்தபொழுது, கலிபோர்ணியாவில் இன்னும் காலை ஆறு மணிதானும் ஆகவில்லை. அங்கே பூங்கா திறக்கப்படவேயில்லை. மூன்று மணி நேரம் முந்திய புளோறிடாவில் வந்தவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இரண்டிடத்தும் மறுநாளே வாயில்கள் திறந்தன. ஒருநாள் மூடல்கள் இத்தகையன. கையில் இன்னொரு நாள் வைத்திருந்த குடும்பத்துக்கு இழப்பில்லை. அன்றைக்கென்று மட்டும் வந்தவர்களுக்கே அது பேரிழப்பு.

எல்லா மூடல்களிலும் என் மனத்தை மிகவும் தொட்டது தோக்கியோவில் நிகழ்ந்தது. 2011 மார்ச் 11ஆந் திகதி வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.46க்கு யப்பானைப் பெருநடுக்கம் உலுக்கியபோது, தோக்கியோ டிஸ்னிலாந்திலும் அதனை அடுத்த டிஸ்னிசீயிலுமாகச் சுமார் 70,000 பேர் இருந்தனர். புகைவண்டிகள் நின்றுவிட்டன, குளிர் கடுமையாக இருந்தது. கடைகளில் விற்பனைக்கிருந்த பஞ்சு பொம்மைகளை ஊழியர்கள் எடுத்துக் கொடுத்து, தலைக்குக் காப்பாகப் பிடித்துக்கொள்ளுமாறு மக்களை வேண்டினர். தின்பண்டங்களையும் விலையின்றிப் பகிர்ந்தனர். வீடு திரும்ப வழியற்றோர் ஆயிரக்கணக்கில் அங்கேயே இரவைக் கழித்தனர். கட்டடங்கள் உறுதியாக நின்றன. ஆயினும் பூங்கா அமைந்த உராயசு நகரின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். நடுக்கத்தில் மணலும் நீரும் சேறாகக் கலந்து தரைக்குமேற் பொங்கின. போதாக்குறைக்கு மின்சாரத் தட்டுப்பாடு. ஒரு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்த தோக்கியோ டிஸ்னிலாந்து, ஏப்ரல் 15ஆந் திகதி திறந்தது. 1983இல் அது முதன்முதல் திறந்ததும் அதே திகதியிலேதான். டிஸ்னிசீ திறக்க 28ஆந் திகதி ஆயிற்று. அவ்விடைவெளியில் எத்தனை குடும்பங்களின் வசந்தகால விடுமுறை கரைந்திருக்கும்! எனினும் அதற்காக முறையிட அந்நாட்டில் எவருக்கு மனம் வந்திருக்கும்?

புளோறிடாவின் பகை சூறாவளி. யூன் முதல் நொவெம்பர் முடிவுவரை அதன் காலம், செப்டெம்பரில் உச்சம். 1971இல் திறக்கப்பெற்ற வால்ற் டிஸ்னி வேள்ட், வானிலை காரணமாக முதன்முறை மூடியது 1999 செப்டெம்பரிலே, ‘புளோயிட்’ சூறாவளியின் போதாகும். பின்னர் 2004இல் ஒரே பருவத்தில் மூன்று தடவை. அதன்பின் 2016, 2017, 2022, 2024 என அது தொடர்ந்தது. செப்டெம்பரில் அங்கே அறை வாடகை மலிவாகவும் கூட்டம் குறைவாகவும் இருப்பதைக் கண்டு மகிழ்வோர், அம்மலிவின் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிகள் தொடங்கிவிட்டன என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி காற்று. பயணத்துக்கு முந்திய ஏழு நாட்களுள் சூறாவளி எச்சரிக்கை விடுக்கப்பட்டால், தன்னிடம் செய்த ஏற்பாடுகளைத் தண்டமின்றி மாற்றவோ இரத்துச்செய்யவோ அந்நிறுவனம் இடமளிப்பதுண்டு. விமானச் சீட்டு அதனுள் அடங்காது. காப்புறுதி எடுக்க விரும்புவோர் பயணத்தை நிச்சயித்தவுடனே எடுத்துவிடுக. புயலுக்குப் பெயரிட்ட பின்பு எடுக்கும் காப்புறுதி, அந்தப் புயலால் நேரும் நட்டத்துக்குப் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயை நாம் மறக்கவில்லை. கலிபோர்ணியா டிஸ்னிலாந்து அவ்வாண்டு மார்ச் 14 முதல் 2021 ஏப்ரல் 30இல் திறக்கும்வரை 412 நாள் மூடிக்கிடந்தது. சங்காயிலோ 2022 ஒக்டோபர் 31இல் விசித்திரமான மூடல் ஒன்று நிகழ்ந்தது. நோய்த்தடுப்பின் பொருட்டு, உள்ளே இருந்தவர்கள் வெளியேறாதபடி வாயில்களை அடைத்து, சோதனை முடிந்தவர்களையே விட்டார்கள். சவாரிகள் ஓடிக்கொண்டேயிருந்தனவாம். அடைபட்ட பெற்றோரின் நிலை இரங்கத்தக்கது. அடைபட்ட பிள்ளைகளின் மனநிலையைப் பற்றி நான் துணிந்து எதுவும் சொல்லமாட்டேன்.

அப்படியாயின், இத்தகைய பயணத்தை எவ்வாறு வகுப்பது? விமானச் சீட்டு வாங்குமுன் பூங்கா வெளியிடும் நாட்காட்டியை அதன் இணையத்தளத்திலே பார்த்துவிட வேண்டும். பயண நூல்களும், போய்வந்த உறவினரின் சொல்லும் இதற்குப் போதா. மாதத்தை மட்டுமன்றிக் கிழமையையும், கிழமையை மட்டுமன்றி மூடும் நேரத்தையும் நோக்குக. திருத்தத்துக்காக நிறுத்தப்படும் சவாரிகளின் பட்டியலையும் பல பூங்காக்கள் வெளியிடுகின்றன. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், போகும் நாளுக்கு முந்திய இரவும் மறுபடி பார்ப்பது நன்று. ஒருமுறை வெளியிட்ட நேரங்கள் மாறுவது வழக்கம்.

அதனினும் முக்கியமானது பாயசத்தை எப்போது பரிமாறுவது என்பது. என் தங்கை செய்த பிழையைப் பெரும்பாலோர் செய்கின்றனர். பெருமகிழ்ச்சியைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்கின்றனர். பூங்கா நாளை விடுமுறையின் முற்பாதியில் வைக்க வேண்டும். ஆசியாவிலிருந்து அமெரிக்கா செல்வோர் முதல் நாளில் உறக்கமின்றித் தள்ளாடுவர். ஆகவே இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் பொருந்தும். அதற்கு அடுத்து எந்த ஏற்பாடும் இல்லாத வெறுநாள் ஒன்றை விடுக. மழையோ துக்கமோ இயந்திரக் கோளாறோ பூங்காவை மூடினால், அவ்வெறுநாள் கைகொடுக்கும். மூடாவிட்டால் பிள்ளைகள் உறங்கட்டும். நாள் குறித்து விற்கும் சீட்டாயின், அந்நாளை மாற்ற இயலுமா என்ற விதியைப் பணம் கட்டுமுன் வாசிக்க வேண்டும்.

மாற்றிடம் ஒன்றையும் முன்னரே தெரிந்துவைத்தல் நன்று. லொஸ் ஏஞ்சலிஸில் கிறிஃபித் வானாய்வு நிலையம் இருக்கிறது. 1935 முதல் கட்டணமின்றி மக்கள் காண்பது. அதுவும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் குறித்துக்கொள்க! டிஸ்னிலாந்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பசிபிக் கடற்கரையை அடைந்துவிடலாம். கடலுக்குக் கதவு இல்லை.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில் என் கருத்தும் என் மனைவியின் கருத்தும் வேறு. ஏமாற்றம் வரக்கூடாதென்றால் முதலிற் சொல்லாதிருப்பதே நலம் என்பது அவர் கட்சி. பள்ளிப் பிள்ளைகளைப் பல சுற்றுலாக்களுக்கு அழைத்துச் சென்ற நான் அதனை ஒப்பேன். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, “பூட்டியிருந்தால் எங்கே போகலாம், நீயே தெரிவு செய்” என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டால், அந்த இரண்டாவது இடத்தையும் தனதாக்கிக் கொள்கிறது.

தங்கை குடும்பத்தார் அடுத்த யூலையில், நாட்காட்டியை மும்முறை பார்த்து, அதே பூங்காவுக்குச் சென்று பகல் முழுவதும் ஆடிக் களித்தனராம். அம்மா அங்கே இல்லை. அதன் பின் அவர் கனடாவுக்குப் போகவுமில்லை. வீட்டு முன்விறாந்தையில் அவர் ஒரு நிழற்படத்தைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். சேலைக்கு மேல் மருமகனின் பெரிய குளிர்ச்சட்டை, இருபுறமும் பேரப்பிள்ளைகள், பின்னால் பூட்டிய இரும்புக் கதவு, அதற்கு மேலே வானத்தில் அசையாது நிற்கும் இராட்டினம். வருவோர் கேட்டால், “உதுதான் அந்தப் பூங்கா. நாங்கள் போன அண்டைக்குப் பூட்டு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போவார்.