199 ரூபாய் சந்தாவுக்கு 5,000 ரூபாய் அனுமதி எதற்கு?

2021 அக்டோபர் 1 வெள்ளிக்கிழமை முதல் நெட்ஃபிளிக்ஸும் ஹாட்ஸ்டாரும் நின்றுவிடுமா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. நிற்கவில்லை. உங்களைக் கேட்காமல் மாதாமாதம் கார்டிலிருந்து பணம் எடுக்கும் பழைய ஏற்பாடுதான் நின்றது.

புதிய விதியால் "வாடிக்கையாளருக்குச் சிரமம்" என்று சொன்னவர்கள் உண்டு. ரிசர்வ் வங்கி இதற்கான சுற்றறிக்கையை 2019 ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டது. 2021 மார்ச் 31 கெடுவும் ஆறு மாதம் தள்ளிப்போனது. தயாராக இரண்டு ஆண்டுகள் போதாதா? தானியங்கிப் புதுப்பிப்பை 'வசதி' என்கிறார்கள். ஒரு படம்கூடப் பார்க்காத மாதத்துக்கும் பணம் போவது யாருக்கு வசதி?

அந்த விதிப்படி, முதல் முறை ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே வங்கியிடமிருந்து செய்தி வர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கும். வேண்டாமென்றால் அப்போதே தடுக்கலாம். 2021-இல், தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்பட்டது.

நல்ல விதிதான். ஆனால் அதற்குள் ஒரு சந்து இருக்கிறது. பதிவு இரண்டு வகை: நிலையான தொகை, மாறும் தொகை. 199 ரூபாய் என்று நிலையாகப் பதிந்திருந்தால், கட்டணம் 249 ஆகும்போது உங்களிடம் மறுபடி ஓடிபி கேட்டாக வேண்டும். மாறும் தொகைக்கு ஒப்புக்கொண்டு, உச்சவரம்பு 5,000 என்று விட்டுவிட்டால்? 249 ஆனாலும் 499 ஆனாலும் புது அனுமதி தேவையில்லை. 24 மணி நேர முன்னறிவிப்பு வரும்; விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை நீங்கள் கவனிக்காவிட்டால், உங்கள் மௌனமே சம்மதம். உச்சவரம்புக் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் ஓடிபி தராதீர்கள்.

மற்றக் கேள்விகள்:

யுபிஐ வழியே கட்டினால்? இதே விதிதான்.

வாடகைக்கு எடுக்கும் படம்? ஒருமுறைக் கட்டணம், இந்த விதி அதைத் தொடாது.

வங்கிக் கணக்கில் நேரடியாகப் பிடிக்கும் வீட்டுக்கடன் தவணை? பாதிப்பில்லை.

என் வங்கி இந்தப் பதிவு வசதியைத் தராவிட்டால்? மாதாமாதம் நீங்களே ஓடிபி போட்டுக் கட்டுங்கள்; சந்தா தொடரும்.

பதிவுக்குக் கட்டணம் உண்டா? வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கேட்டால் கொடுக்காதீர்கள்.