துயர் வருமுன் இடம் தேர்வோம்

தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து மைசூர்ச் சீமையிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு மேல்கோட்டை என்ற பெயர் புதிதன்று. திருநாராயணபுரம் என்று வைணவப் பெரியோர் போற்றும் இவ்வூர், மாண்டியா மாவட்டத்துப் பாண்டவபுரம் தாலுகாவில், யதுகிரி என்னும் பாறை மலையின்மீது அமைந்துள்ளது. இராமாநுசர் பல்லாண்டுகள் தங்கியிருந்த தலம் என்ற பெருமை இதற்கு உண்டு. அவர் காலந்தொட்டுத் தமிழும் கன்னடமும் இவ்வூர்த் தெருக்களில் அண்டை வீட்டாரைப்போல் பழகி வந்திருக்கின்றன.

ஆண்டுதோறும் பங்குனி மாதத்தில் இங்கே நடைபெறும் வைரமுடி சேவைக்கு யாத்திரிகர் இலட்சக்கணக்கில் திரள்கின்றனர். கர்நாடகத்தாரேயன்றித் தமிழ்நாட்டாரும் ஆந்திரத்தாரும் அக்கூட்டத்தில் உண்டு. வைரமுடி மற்ற நாள்களில் மாண்டியாவிலுள்ள அரசாங்கக் கருவூலத்தில் வைக்கப்பட்டிருக்கும். விழா நாளன்று காவலர் புடைசூழ மலைக்கு எடுத்துவரப்படும். பகலொளி படலாகாது என்ற மரபினால் சேவை இரவில் நிகழும். எந்த வண்டி, எந்த வழி, எத்தனை காவலர், எந்த நேரம் என்பவை யாவும் முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. ஒரு முடியைக் காப்பதற்கு நாம் காட்டும் இந்த முன்யோசனையை, அதனைக் காண வரும் இலட்சம் உயிர்களைக் காப்பதற்கும் காட்ட வேண்டாமா? இடர் நேருங்கால் மருத்துவ உதவியை ஒருங்கிணைக்கும் நிலையத்தை எங்கே அமைப்பது என்னும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணத்து மகாமகக் குளக்கரையில் நெரிசலில் ஐம்பது பேர் வரை உயிரிழந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிரத்துச் சாத்தாரா மாவட்டத்தில் மாந்தர்தேவி என்னும் மலைக்கோயிலின் குறுகிய பாதையில் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், மகரவிளக்கு இரவில், சபரிமலைக்கு அருகேயுள்ள புல்மேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட யாத்திரிகர் நெரிசலில் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளிலிருந்து சென்றவர்கள். மலை, இரவு, குறுகிய வழி, பல மொழி பேசும் கூட்டம் என்ற நான்கும் சேர்ந்த இடம் எத்தன்மையது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. மேல்கோட்டையிலும் இந்நான்கும் உள்ளன.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஒருங்கிணைப்பு என்ற சொல்லை அரசாங்கத் தாள்களில் நாள்தோறும் மொழிபெயர்ப்பவன் நான். சொல் எளிதாக அமைந்துவிடுகிறது. பொருள்தான் பலருக்கும் மயக்கம் தருகிறது. ஒருங்கிணைப்பு நிலையம் என்பது மருத்துவமனையன்று. அங்கே கட்டுப் போடுவதுமில்லை, அறுவை செய்வதுமில்லை. எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன, எந்தக் குருதிவகை எங்கே கிடைக்கும், ஆம்புலன்ஸ் வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்ற செய்திகள் எல்லாம் வந்து சேரும் இடம் அது. அங்கிருந்தே கட்டளைகள் புறப்படும். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய நிலையங்களுக்கான நெறிமுறைகளை 2015இல் வெளியிட்டது. நம் நாட்டிலும் 2021இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஆயுஷ்மான் பாரத் சுகாதார உட்கட்டமைப்புத் திட்டத்தில், சுகாதார அவசரச் செயற்பாட்டு நிலையங்கள் பதினைந்து நிறுவுவதற்கு இடமளிக்கப்பட்டது.

இந்நிலையம் இல்லாவிட்டால் நேர்வது என்ன? காயமுற்றோரை மக்கள் அன்போடும் பதற்றத்தோடும் கையில் அகப்பட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு, மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடுவார்கள். சிறு காயக்காரர் முதலில் வந்து சேர்வர். உயிருக்குப் போராடுவோர் பின்னர் வருவர். அருகிலுள்ள மருத்துவமனை நிரம்பி வழியும். இருபது மைல் தள்ளியுள்ள மருத்துவமனையோ வாயிலைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருக்கும். டாக்டர்கள் இல்லாமையால் அன்றி, டாக்டர்கள் இருக்குமிடம் தெரியாமையால் உயிர்கள் போவதுண்டு. நெப்போலியனின் படையில் பணிபுரிந்த லாரே என்னும் அறுவை மருத்துவர், காயமுற்றவனின் பதவியைப் பாராது காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை வரிசையை வகுத்தார். இன்று சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்ற நான்கு நிற அட்டைகளால் நோயாளரைப் பிரிக்கும் முறை அவ்வழியில் வளர்ந்ததே. பிரித்தபின் எவரை எங்கே அனுப்புவது என்று தீர்மானிப்பது ஒருங்கிணைப்பு நிலையத்தின் கடமை.

இனி, இடம் தேர்வதைப் பற்றிச் சிந்திப்போம். 1960களிலும் 70களிலும் கணித அறிஞர்கள் இதனை ஒரு தனித் துறையாகவே வளர்த்தனர். ஹகிமி என்பவர் 1964இல் எழுதிய ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1971இல் டோரகாஸ் முதலியோரும் 1974இல் சர்ச், ரெவெல் என்போரும் அதனை விரிவாக்கினர். அவர்களுடைய கருத்துகளைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம்.

ஒரே நேர்ச்சாலையில் நான்கு ஊர்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊரில் 4,000 பேர். அங்கிருந்து 10 கிலோமீட்டரில் இரண்டாம் ஊர், 3,000 பேர். 20ஆம் கிலோமீட்டரில் மூன்றாம் ஊர்; 2,000 பேர். 60ஆம் கிலோமீட்டரில் நான்காம் ஊர், 1,000 பேர். ஒரேயொரு நிலையம் அமைக்கத்தான் பொருள் உண்டு. எங்கே அமைப்பது?

சராசரித் தொலைவைக் குறைப்பதே நோக்கமானால் இரண்டாம் ஊரில் அமைக்கவேண்டும். அப்போது சராசரியாக ஒருவருக்கு 11 கிலோமீட்டரே தொலைவு. ஆனால் கடைசி ஊரார் 50 கிலோமீட்டர் வரவேண்டும். எவருக்கும் மிகுந்த தொலைவு ஆகலாகாது என்பது நோக்கமானால், 30ஆம் கிலோமீட்டரில் அமைக்கவேண்டும். அப்போது எவருக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல் இராது. ஆயினும் சராசரித் தொலைவு 23 கிலோமீட்டராக உயர்ந்துவிடும். மூன்றாவது நோக்கம் ஒன்றும் உண்டு: 20 கிலோமீட்டருக்குள் இயன்ற அளவு அதிகமானோரை அடக்கவேண்டும் என்பது. அதன்படி இரண்டாம் ஊரில் அமைத்தால் 9,000 பேர் அடங்குவர். கடைசி ஊரின் 1,000 பேர் விடுபடுவர். அவர்களையும் அடக்க இரண்டாவது நிலையம் தேவை.

கணிதம் இவ்வளவு தூரம் வழிகாட்டும். அந்த ஆயிரம் பேரை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு அதனிடம் விடையில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியது நம் மனச்சான்று. பெரும்பாலோரின் நன்மை பெரிதா, கடைக்கோடியில் இருப்பவனின் உரிமை பெரிதா என்பதை வெளிப்படையாகப் பேசித் தீர்மானித்தபின்னரே வரைபடத்தின்மீது புள்ளி வைத்தல் முறையாகும்.

தொலைவு ஒன்றே போதாது என்பதையும் அனுபவம் கற்பித்திருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் நிகழ்ந்த பூகம்பத்தில் பூஜ் நகரத்து அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது. எந்த இடம் உதவி தரவேண்டுமோ அந்த இடமே உதவி வேண்டி நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தார் கூடாரங்களில் மருத்துவமனை அமைத்துச் சிகிச்சை அளிக்க நேர்ந்தது. பின்னர் அங்கே எழுப்பப்பெற்ற புதிய மருத்துவமனை, நில அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் தாங்கிகளின்மேல் கட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தாழ்ந்த தளங்களில் இருந்த மின்னாக்கிகள் நீரில் மூழ்கியமையால் நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்ற நேர்ந்தது; தொலைபேசியும் பல பகுதிகளில் பேசவில்லை. ஆகவே, இடர் எங்கே வருமோ அங்கே அதனைச் சமாளிக்கும் நிலையம் இருத்தலாகாது என்பது முதல் விதி.

இவ்விதிகளை மேல்கோட்டைப் பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். மலையிலிருந்து மாண்டியா ஏறத்தாழ 38 கிலோமீட்டர். மைசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மைசூரில் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. 1924இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. எனவே மைசூரே தகுந்த இடம் என்று முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேல்கோட்டையும் பாண்டவபுரமும் மாண்டியாவும் காவிரியின் வடகரையில் உள்ளன. மைசூர் தென்புறத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்து வழியே செல்வோர் காவிரியின் இரு கிளைகளையும் கடந்தாக வேண்டும். கிருஷ்ணராஜ சாகர அணை மேற்கே உள்ளது. பெருமழை பெய்த ஆண்டுகளில் அவ்வணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேலும் நீர் திறந்துவிடப்பட்டதுண்டு. அத்தகைய நாளில் மைசூர் அருகில் இருந்தும் தூரமாகிவிடலாம்.

மாண்டியாவோ அதே கரையில், பெங்களூர் நெடுஞ்சாலையின்மீதும் இருப்புப்பாதையின்மீதும் உள்ளது. அங்கும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அன்றியும், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தின் தலைவராக விளங்குபவர் டெபுடி கமிஷனர். அவரது அலுவலகம் மாண்டியாவிலேயே உள்ளது. மருத்துவமும் அதிகாரமும் ஒரே ஊரில் இருத்தல் பெரும் நன்மை. ஆகையால் தலைமை ஒருங்கிணைப்பு மாண்டியாவிலும், அது செயலிழந்தால் பொறுப்பேற்கும் மாற்று நிலையம் மைசூரிலும் அமைவதே பொருத்தமெனத் தோன்றுகிறது. ஒரே வெள்ளம் இரண்டையும் ஒருங்கே முடக்குவது அரிது.

அப்படியானால் மலைமேல் ஒன்றும் வேண்டாவா? வேண்டும். நெரிசலில் மூச்சடைத்தவனுக்கு நிமிடங்களே கணக்கு. 38 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையம் அவனுக்குப் பயன்படாது. கோயிலை அடுத்த வீதியிலும், கல்யாணிக் குளக்கரையிலும், யோக நரசிம்மர் குன்றின் படியடியிலும் முதலுதவி நிலையங்கள் இருத்தல் வேண்டும். மலைமேற் கூட்டம் அடர்ந்த இடத்திற்கு வெளியே, வண்டி திரும்புவதற்கு வெளியுள்ள மேட்டில், காயமுற்றோரை வகைப்படுத்தும் இடம் அமையவேண்டும். அடிவாரத்தில், மலைச்சாலை பெருஞ்சாலையோடு சேரும் ஜக்கனஹள்ளி போன்ற கூட்டுச்சாலையில் ஆம்புலன்ஸ்கள் காத்திருத்தல் நலம். ஏறும் மக்களும் இறங்கும் வண்டியும் ஒரே பாதையில் மோதிக்கொள்ளாதபடி ஒரு வழியை மருத்துவத்துக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். மலையில் கைகள், அடிவாரத்தில் கால்கள், மாண்டியாவில் தலை என்று இவ்வமைப்பை நினைவில் கொள்ளலாம்.

தலையையும் கையையும் இணைக்கும் நரம்பு செய்தித் தொடர்பு. இலட்சம் பேர் ஒரே மலையில் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் அது இயங்காமற் போகலாம். போலீஸ் வயர்லெஸும், ஹாம் என்று வழங்கும் தன்னார்வ வானொலியும் துணை நிற்கவேண்டும். மின்னாக்கி மேல்தளத்தில் இருக்கவேண்டும். குடிநீருக்குத் தனித்தொட்டி வேண்டும். நிலையத்துக்கு வந்துபோக இரண்டு வழிகளேனும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கொருமுறையேனும் ஒத்திகை நடத்திப் பார்த்தல் வேண்டும். ஒத்திகை பாராத திட்டம் உறையிலிட்ட வாளைப்போன்றது. துருப்பிடித்திருக்கிறதா என்பது போர் தொடங்கிய பின்னரே தெரியவரும்.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட பங்கு ஒன்று உண்டு. வலியில் துடிப்பவன் தாய்மொழியில்தான் பேசுவான். புல்மேட்டில் நடந்ததைப்போன்ற துயரம் நேரும்போது, சேலத்திலிருந்து வந்த முதியவள் தன் பெயரையும், தனக்குள்ள சர்க்கரை நோயையும், காணாமற்போன பேரனின் அடையாளத்தையும் யாரிடம் சொல்வாள்? கன்னடமும் தமிழும் ஒருசேர அறிந்த ஒருவர் அருகில் நின்றால், அவர் அவ்வேளையில் அரை டாக்டருக்குச் சமம். மைசூர், மாண்டியா, பெங்களூர் ஆகிய நகரங்களிலுள்ள தமிழ்ச் சங்கத்தார் இருமொழி அறிந்த இளைஞர்களின் பட்டியலொன்றைத் தயாரித்து மாவட்ட அலுவலகத்திடம் கொடுத்துவைக்கலாம். ஆப்த மித்ரா என்ற பெயரில் 2016 முதல் நடத்தப்பட்டதைப்போன்ற தொண்டர் பயிற்சிகளில் நம் பிள்ளைகள் சேரலாம். விழாவுக்குச் செல்லும் உறவினர் ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர், மொழி, நோய், உட்கொள்ளும் மருந்து, வீட்டார் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய சீட்டொன்று இருக்கும்படி செய்யலாம். ஆபத்து வேளையில் 112 என்ற எண்ணும், ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்ணும் குழந்தைகளுக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணை கோலுவதற்கு முன்னும் ஒரு வேலை உண்டு. அது இடம் பார்த்தல். அதனைச் செய்யும் காலம் அமைதி நிலவும் காலமே. நெரிசல் தொடங்கியபின் வரைபடத்தை விரிக்க எவருக்கும் நேரம் இராது.